கோட்டிங் வேண்டாம்

"கோட்டிங் வேண்டாம். சீலன்ட் போடுங்க, போதும்."

நகோஷி சொன்னதைக் கேட்டதும், கார் பாலிஷ் கடைக்காரன் குனுகி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

கடை வாசலில் நின்றது ஓர் அமரர் ஊர்தி. நீளமான கறுப்பு வண்டி. நகோஷிதான் அதன் டிரைவர். ஐம்பதைத் தாண்டியவள். வெள்ளைக் கையுறை, நறுக்கென்ற பேச்சு.

"உங்க முதலாளி கோட்டிங்னு சொல்லியிருக்காரே அக்கா?"

"அவர் சொல்லுவார். வண்டி ஓட்டறது நான்."

"சொல்றதைக் கேளுங்க. சீலன்ட் கையால தடவி விடறது. மூணு நாலு மாசத்துல மழையோட போயிடும். மறுபடி வரணும். கோட்டிங்னா முதல்ல மெஷின்ல தேச்சு, இந்தப் பொடிக் கீறலையெல்லாம் எடுத்துடுவேன். மேல பூசினா கல்லு மாதிரி இறுகிடும். வருஷக்கணக்கா கவலை இல்லை. பளபளப்புன்னா அப்படி ஒரு பளபளப்பு!"

"அந்தப் பளபளப்புதான் வேண்டாங்கறேன்."

குனுகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பளபளப்பு வேண்டாமென்று அவன் கடைக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. முதலாளிக்குப் போன் போட்டான்.

முதலாளி செரிசாவா நேரிலேயே வந்துவிட்டான். இளைஞன். போன வருடம்தான் அப்பாவிடமிருந்து கம்பெனி அவன் கைக்கு வந்திருந்தது.

"என்ன பிரச்சினை, நகோஷி சான்? போன மாசம் நம்ம இன்னொரு வண்டிக்கு கோட்டிங் போட்டோமே, எவ்வளவு அழகா இருக்கு! இதுக்கும் அதேதான்."

"அதுக்குப் போட்டதே தப்பு."

"யாராவது புகார் சொன்னாங்களா?"

"துக்க வீட்டுக்காரங்க கார் கதவைப் பத்தியா புகார் சொல்லிக்கிட்டிருப்பாங்க?"

"அப்ப உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றவன், ஏதோ பிடிபட்டது போலச் சிரித்தான். "ஓ, புரியுது. சீலன்ட்னா அடிக்கடி இங்க கொண்டு வரணும். வந்தா அரை நாள் டீயைக் குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கலாம். அதானே?"

குனுகி சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தான்.

நகோஷி அசரவில்லை. "இங்க கொண்டு வரவே வேண்டாம். டப்பாவை வாங்கிக் குடுங்க. என் லீவு நாள்ல நானே பூசிக்கறேன்."

"வீம்பு! சுத்த வீம்பு! ஊர்ல அத்தனை கம்பெனி வண்டியும் ஜொலிக்குது. நம்ம வண்டி மட்டும் மங்கிப் போய் நிக்கணுமா?"

"நிக்கட்டும்."

"நான் சொல்றதைக் கேக்க முடியாதுன்னா, சாவியை வெச்சுட்டுப் போங்க!"

மிரட்டத்தான் சொன்னான். அவள் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். கையுறைகளைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில ஒருத்தரைத் தகனத்துக்குக் கொண்டு போகணும். போன மாசம் கோட்டிங் போட்ட அந்த வண்டியிலேயே போங்க. ஆனா ஒண்ணு. நான் எங்க நிப்பேனோ அங்க நில்லுங்க. முன்கதவு பக்கத்துல."

திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.

"போகட்டும்" என்றான் செரிசாவா. அமரர் ஊர்தி ஓட்ட அவனிடமும் லைசென்ஸ் இருந்தது.

மறுநாள் காலை. இரவு பெய்த மழை விட்டு நல்ல வெயில். இறுதிச் சடங்கு மண்டப வாசலில் வண்டி மின்னியது. செரிசாவா வெள்ளைக் கையுறையோடு முன்கதவு பக்கத்தில் நிமிர்ந்து நின்றான். உறவுக்காரர்கள் பெட்டியைக் கொண்டுவந்து பின்னால் ஏற்றினார்கள்.

முன் சீட்டில் ஏற இறந்தவரின் மனைவி கறுப்பு கிமோனோவில் வந்தாள். எழுபது வயது இருக்கும். கணவரின் படத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ரெண்டு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வந்தவர்களையெல்லாம் கவனித்தவள் என்று உள்ளே பேசிக்கொண்டார்கள்.

செரிசாவா குனிந்து வணங்கினான். "ஏறுங்கம்மா."

அவள் ஏறவில்லை. மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையிலிருந்த படத்தைத் தூக்கித் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, கதவைச் சீக்கிரம் திறந்துடுப்பா. என்னால இதைப் பாக்க முடியல."

"எதைம்மா?"

"என் மூஞ்சியை. ரெண்டு நாளா கண்ணாடி பக்கமே போகாம இருந்தேன். இங்க வந்து பாத்துட்டேனே! அவர் போனதுக்கப்புறம் என் மூஞ்சி இப்படியா ஆயிடுச்சு?"

அப்படியே மடங்கி ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அடக்கியதெல்லாம் வாய்விட்ட அழுகையாக வெடித்தது.

மகள் ஓடிவந்து தூக்கினாள். நிமிர்ந்தபோது மகளின் கண்ணும் கதவில் பட்டது. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

செரிசாவா கதவை மறைத்துக்கொண்டு குறுக்கே நின்றான்.

அன்று சாயங்காலம் செரிசாவா, நகோஷி வீட்டு வாசலில் நின்று இடுப்பு வளையக் குனிந்தான்.

"நாளைக்கே அந்த வண்டி கோட்டிங்கைச் சுரண்டி எடுத்துடச் சொல்லிட்டேன். ரெண்டுக்கும் சீலன்ட்தான். தயவு செஞ்சு வேலைக்குத் திரும்பி வாங்க."

"வரேன்" என்றாள் நகோஷி. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

நிமிர்ந்தவனுக்கு மனசு ஆறவில்லை. "ஆனா நகோஷி சான், இதை நீங்க முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. போன மாசம், அந்த வண்டி கோட்டிங் போட்டு வந்த அன்னிக்கே வந்து சொன்னேன். நீங்க விளம்பரத்துக்கு அதைப் படம் எடுத்துக்கிட்டிருந்தீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"'கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவுல உங்க மூஞ்சி தெரியுது, பாக்கவே நல்லா இல்லை'ன்னீங்க."