நாலடி லைசென்ஸ்

மணிக்கூண்டு டாக்சி ஸ்டாண்டை எங்கே மாற்றுவது என்று எங்கள் நகர்மன்றம் பதினோரு கூட்டம் போட்டுப் பேசியது. அதில் இரண்டு வெளிநடப்பு வேறு. கடைசியில் பழைய சந்தைத் திடல் என்று முடிவானது.

திறப்பு விழாவில் ஓட்டுநர் இல்லாத பன்னிரண்டு டாக்சிகள் மாலையோடு வரிசையில் நின்றன. வெளியே போகும் ஒரே வாசலில் பூசாரி ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். முதல் டாக்சி பழம்வரை வந்து நின்றுவிட்டது.

"பாதையில் தடை உள்ளது. தயவுசெய்து அகற்றவும்."

பூசைக்கு வைத்த பழத்தை எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. வாசலோரம் தன் பழைய டாக்சியில் எலுமிச்சை விற்றுக்கொண்டிருந்த இசக்கியை நகர்மன்றத் தலைவர் குமுதவல்லி கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க வண்டிய இதுமேல ஏத்துங்களேன்."

"மனுசன் ஓட்டுனா ஆபத்துன்னு போன வருசம் தீர்மானம் போட்டு லைசென்ஸ பிடுங்குனது நீங்கதானம்மா?"

உறுப்பினர்கள் நின்றபடியே கூட்டம் நடத்தினார்கள். இசக்கியின் வண்டியிலிருந்து பழம்வரை டேப் பிடித்து அளந்தார்கள். இசக்கிக்கு நாலடி தூரத்துக்கு மட்டும் லைசென்ஸ் வழங்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இசக்கி சட்டைப் பொத்தானைப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, வண்டியை எடுத்தார். பழம் நசுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் வாசலை அடைத்தபடி வண்டியை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"பாதையில் தடை உள்ளது" என்றன பன்னிரண்டு டாக்சிகளும்.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க!" என்று தலைவர் கத்தினார்.

"நாலடி முடிஞ்சிட்டும்மா. அடுத்த கூட்டம் என்னைக்கு?"