முழு உருவம்

மிரி நகரில் மகள் வீட்டில் ஓராண்டைக் கழித்துவிட்டு அன்று காலைதான், ஊரே ஒரு கூரையின் கீழ் அடுத்தடுத்த அறைகளில் வாழும் நீள்வீட்டுக்குத் திரும்பியிருந்தாள் ஊசுன். பக்கத்து அறை ஊலாவ், பிள்ளையை முதுகில் சுமக்கும் கூடைக்குப் பாசிமணிக் கோலம் பின்னிக்கொண்டிருந்தாள். உள்ளே கைக்குழந்தை சிணுங்கியது. ஊலாவின் பல்லாண்டுப் பிள்ளை ஏக்கம் தீர்ந்ததே என்று மகிழ்ந்த ஊசுன், கோலத்தைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"என்னடி இது, கையும் காலுமா முழு மனுசன்? தலைவர் வீட்டுப் பிள்ளைக்குத்தானே இது ஆகும். நமக்கெல்லாம் கொடிக்கோலம்தான். உன் புருசன் படகு ஓட்டுறவன். ஊர்கூடி ஒரு பன்னி கொடுன்னு அபராதம் போட்டா எங்க போவ?"

"போடட்டும்க்கா. இன்னும் ஒரு கால்தான் பாக்கி."

"பிள்ளை வந்ததும் கூடவே திமிரும் வந்துடுச்சு."

அந்நேரம் தலைவரின் மனைவி புங்கான் வந்துவிட, ஊசுன் பதறி எழுந்தாள். புங்கானோ கோபிக்காமல் அந்த மணி உருவத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதைப் பிரிச்சுடும்மா. பிரசவத்துல எம்மக போன அன்னைக்கே பிள்ளைய உனக்குன்னு கொடுத்துட்டோம். கொடிக்கோலமே போடு. யாரும் அவன்கிட்ட எதுவும் சொல்ல மாட்டோம். உம்பிள்ளையாவே வளரட்டும்."

"எம்பிள்ளைதாம்மா," என்றாள் ஊலாவ், ஊசியை நிறுத்தாமல். "ஆனா, 'உன்னைப் பெத்தவ நானில்ல'ன்னு சொல்ல எனக்கு என்னைக்கும் வாய் வராது. அதை இது சொல்லட்டும்."

ஊசுன் மெல்ல உட்கார்ந்து, மீதமிருந்த காலுக்கு வேண்டிய மஞ்சள் மணிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.