படத்துல இருக்கற மாதிரியே

பெற்றவள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையைக் கொடியிலிருந்து உருவித் தன் பையில் திணித்துக்கொண்டாள் சந்தியா.

"அதை எதுக்குடி எடுக்கற? நான் எதைப் போட்டுக்கினு உப்பளத்துக்குப் போவேன்?" என்றாள் தனகோடி.

"தோள்ல கிழிஞ்சது ஒண்ணு இருக்குதில்ல? இன்னிக்கு ஒரு நாள் அதைப் போட்டுக்கோ. கடையில ஃபங்ஷன்மா."

சந்தியா வேலை பார்ப்பது ஆரோவில் போகிற ரோட்டில் ஒரு பெரிய துணிக்கடையில். மாதம் ஒரு ஓவியத்தைச் சுவரில் மாட்டுவார்கள். அதில் இருக்கிற நிறங்களை வைத்து, தினமும் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி உடுப்புகளைச் சேர்த்துக் காட்டி விற்பார்கள். போன மாதம் தாமரைக் குளம். பச்சைப் பாவாடையும் ரோஸ் குர்தாவும் சக்கைப்போடு போட்டன. இந்த மாதம் உப்பளத்துப் பெண். நீலப் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, காலில் சாக்ஸ்.

விற்பதற்கு லினன் சட்டைகள் தைத்தாகிவிட்டது. ஆனால் ஓவியத்துக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற பெண்ணுக்கு மட்டும் உப்பேறிய அசல் சட்டைதான் வேண்டும் என்று முதலாளி ரேகா மேடம் ஒற்றைக் காலில் நின்றார். நிற்கப்போகிறவள் சந்தியா. நல்லபடியாக முடிந்தால் அடுத்த மாதம் அவள் சூப்பர்வைசர்.

மகள் செல்போனில் காட்டிய படத்தைத் தனகோடி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கால்ல சாக்ஸ் போட்டிருக்கறாளே. அது வேணாவா?"

"நேரமாச்சு, விடு. நீ மட்டும் கடைப் பக்கம் வந்துடாத, சொல்லிட்டேன்."

அவள் பயம் அவளுக்கு. அப்பா பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்று கடையில் அளந்து வைத்திருக்கிறாள். அப்பா உப்பு மூட்டை தூக்கியவர். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சட்டை அவருடையதுதான்.

பதினொரு மணிக்கெல்லாம் கடை நிறைந்துவிட்டது. சந்தியா துண்டை இறுக்கிச் சுற்றி, நுனியைப் பிடரியில் தொங்கவிட்டிருந்த நேர்த்தியைப் பார்த்து ரேகா மேடம் அசந்துபோனார்.

"எப்படி இவ்ளோ கரெக்டா கட்டின?"

"யூடியூப்ல பார்த்தேன் மேடம்."

மேடம் மைக்கைப் பிடித்தார். "உழைக்கிற பொண்ணோட கம்பீரம். அதைத்தான் நாம இன்னிக்கு உடுத்திக்கறோம்."

கைதட்டல் அடங்குவதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. தோள் கிழிந்த சட்டை, தலையில் துண்டு, கையில் ஒரு கேரி பேக், வெறுங்கால்.

சந்தியா ஓவியத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஹை, இன்னொரு மாடல்!"

வந்திருந்தவர்கள் தனகோடியை மொய்த்துக்கொண்டார்கள். அவளை வெள்ளை சோபாவில் உட்காரவைத்து, கையில் ஜூஸைக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்து செல்ஃபி எடுத்தார்கள். மேடமே அவள் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார். பாவம், அவளுக்கு எதுவும் புரியவில்லை. ஜூஸ் சிந்திவிடக் கூடாதே என்று டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பெண் குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தாள். "இந்த வெடிப்பு, புண்ணு எல்லாம் அப்படியே அசல் மாதிரி இருக்கே! மேக்கப் யாரு?"

"மேக்கப் இல்லம்மா. உப்பு அறுத்தது. மரக்காணத்துல அளத்துல வேலை செய்றேன்."

தோளில் இருந்த கை இறங்கியது. சோபாவில் இரண்டு பக்கமும் காலியானது. செல்ஃபி எடுத்தவள் கைப்பையைத் திறந்து சானிடைசரைத் தேடினாள். ஒரு நிமிஷம் முன்னால் வரை கம்பீரமாக இருந்த அதே சட்டைதான்.

"சந்தியா, யார் இந்தம்மா? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

எல்லோரும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி துண்டுக்கட்டு. தனகோடி மட்டும் தலையைத் தூக்கவில்லை.

"தெரியாது மேடம்."

"பின்பக்கமா அனுப்பிடு. வந்து சோபாவை நல்லா துடைச்சிடு."

சந்தியா அவளைப் பின்வாசலில் குப்பைத் தொட்டி வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கே வந்ததும் சந்தியாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"எதுக்கும்மா வந்த?"

தனகோடி கேரி பேக்கை நீட்டினாள். உள்ளே அவளிடம் இருக்கும் ஒரே ஜோடி சாக்ஸ். காலையில் காலிலிருந்து கழற்றி அலசியது, இன்னும் ஈரம் காயவில்லை.

"படத்துல இருந்துச்சே. கடையில கேட்டாங்கன்னு சொல்லி வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். அவரு என்னையும் படத்துக்கு வந்தவள்னு நெனச்சுக்கினு உள்ள அனுப்பிட்டாரு."

"எல்லார் எதிர்லயும் உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டேனேம்மா!"

"அதுக்கு ஏன்டி அழுவற? கண்ணைத் தொடச்சிக்கினு உள்ள போ." தனகோடி முந்தானையால் மகளின் கன்னத்தை ஒற்றினாள். "உன் பொண்ணு யாராவது இங்க வேலை செய்யுதான்னு வாட்ச்மேன் வாசல்லயே கேட்டாரு. எனக்குப் புள்ளையே கெடையாதுன்னு நான் அப்பவே சொல்லிட்டேன்."