நாலு பச்சை, ஒரு சிவப்பு

"ஒன்பது வருஷமா ஒரே கடிதம். தேதியை மட்டும் மாத்தி மாத்தி அனுப்பியிருக்கீங்க. இதுக்குப் பேர் வேலையா?"

பிரிவுத் தலைவர் கோப்பு ஒன்றை மேசைமேல் போட்டார். எதிரே உதவியாளர் நின்றிருந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'ரிமைண்டர்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அது ஒரு சர்வதேச மனித உரிமைக் குழுவின் அலுவலகம். எந்த நாட்டு அரசு யாரை அநியாயமாக அடைத்து வைத்தாலும் புகார் இங்கே வரும். பெரியவர்கள் உட்கார்ந்து விசாரித்து, 'உடனே விடுதலை செய்' என்று தீர்ப்பு எழுதுவார்கள். அரசு செய்யாவிட்டால்? மறுபடியும் ஒரு கடிதம் எழுதுவார்கள். போலீஸ் கிடையாது, பூட்டை உடைக்க ஆள் கிடையாது. தபால் தலை மட்டும் தாராளமாக உண்டு.

அந்தத் தபால் தலையின் பலத்தில் தீர்ப்புகளை நிறைவேற்றும் பிரிவுக்குத்தான் இவர் தலைவர். வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்ததும் சுவரில் ஒரு பலகை மாட்டினார். முடிந்த கோப்புக்குப் பச்சை வட்டம், முடியாததற்குச் சிவப்பு. எந்தச் சிறையில் யார் இருக்கிறார்கள் என்று அவரைக் கேட்டால் தடுமாறுவார். எத்தனை பச்சை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இன்று மூன்று மணிக்கு ஆண்டுக் கூட்டம். பலகையில் ஒரு வரிசைதான் அவர் கண்ணை உறுத்தியது. ஒரே அச்சகத்தில் வேலை பார்த்து, விசாரணையே இல்லாமல் உள்ளே போன ஐந்து பேர். நாலு பச்சை. ஒரு சிவப்பு.

"காலையில அரசாங்கத்துகிட்டேருந்து பதில் வந்தாச்சு. அஞ்சாவது ஆளையும் விடுதலை பண்ணிட்டாங்களாம். ஃபைலை மூடிக் கொண்டு வாங்கன்னா, இன்னொரு ரிமைண்டர் அடிச்சுக் கொண்டு வர்றீங்க?"

"போட்டோ வரலை சார்."

"என்ன போட்டோ?"

"கைதி அன்னைக்கு வந்த பேப்பரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கடிதத்துல கேட்பேன். முணுமுணுத்துக்கிட்டாவது அனுப்பிடுவாங்க. இந்தத் தடவை இல்ல."

"எந்த ஒப்பந்தத்துல, எத்தனாவது பிரிவுல போட்டோ கேக்கணும்னு இருக்கு?"

"எதுலயும் இல்ல சார். நானா சேர்த்தது."

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. "நாடு நாடா கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல நீங்களா ஒரு வரி சேர்ப்பீங்களா? அந்த நாலு பேருக்கும் போட்டோ பார்த்துட்டா மூடினோம்?"

"அப்ப நான் ஆஸ்பத்திரியில இருந்தேன் சார்."

"அதனாலதான் வேலை சுருக்கா முடிஞ்சுது."

"திரும்பி வந்ததும் ஒரு குறிப்பு எழுதிக் குடுத்தேன்."

"மூடின ஃபைல்ல குறிப்பு எழுதக் கூடாது. அது விதி." தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "உண்மையைச் சொல்லுங்க. இதுவும் முடிஞ்சா உங்களுக்கு இங்க வேலை இருக்காதுன்னு பயம். அதானே?"

ரிமைண்டர் கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பி வைத்தார். "அவர் சம்சாரத்தோட நம்பர் இருக்கு. வீட்டுக்கு வந்துட்டாரான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு மூடுங்க சார்."

நல்ல செய்தியை நாமே சொன்னால் கூட்டத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தலைவருக்குத் தோன்றியது. போனை எடுத்தார். ரிமைண்டரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். மறுமுனையில் தையல் மிஷின் ஓடும் சத்தம்.

"அம்மா, மனித உரிமைக் குழுவிலேருந்து தலைவர் பேசறேன். சந்தோஷமான விஷயம். உங்க வீட்டுக்காரரை விடுதலை பண்ணிட்டதா அரசாங்கம் எழுதியிருக்கு."

மிஷின் நின்றது. ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று தலைவர் ரிமைண்டரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"போட்டோ வந்திருக்கா ஐயா?"

"நீங்களுமா? விடுதலை ஆனவருக்கு எதுக்கும்மா போட்டோ? வீட்டுக்கு வந்துட்டாரா, வழியில இருக்காரா?"

"நேத்து சாயங்காலம் அவருக்குத் துணி குடுக்க ஜெயிலுக்குப் போனேன். வாங்கி வச்சுக்கிட்டாங்க. உள்ளதான் இருக்கார்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஏதாவது தாமதமா இருக்கும்மா..."

"ஐயா, போட்டோ எடுக்கணும்னா முகத்துல காயம் இருக்கக் கூடாது. அதுக்காக அடிக்க மாட்டாங்க. நிக்கத் தெம்பு வேணும். அதுக்காகச் சாப்பாடு போடுவாங்க. உங்க ஆபீஸ்ல அந்த அண்ணன் போடுற கடுதாசியிலதான் அவர் உசுரு ஓடிக்கிட்டு இருக்கு."

ரிமைண்டர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாலு பேருக்கும் இதே மாதிரிதான் விடுதலைன்னு எழுதினாங்க. ஒருத்தர்கூட இன்னும் வீடு வந்து சேரலை. எங்கேன்னு அவங்க வீட்டுப் பொம்பளைங்க போய்க் கேட்டா, ஜெயில் வாசல்ல ஒரு காகிதத்தை நீட்டுறாங்க. 'உங்க புருஷங்க விடுதலை ஆயாச்சு. சர்வதேசக் குழுவே ஒத்துக்கிட்டு ஃபைலை மூடிடுச்சு. இனிமே இங்க வராதீங்க'ன்னு விரட்டுறாங்க. அதுல உங்க ஆபீஸ் முத்திரை இருக்கு. கீழ தலைவர்னு கையெழுத்து இருக்கு."

தலைவரின் விரல் ஸ்பீக்கரை அணைக்கப் போய், பொத்தான் எது என்று தெரியாமல் நின்றது.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன் ஐயா. என் வீட்டுக்காரரையும் நீங்க விடுதலை பண்ணிடாதீங்க."