சொயுத்தில் எரியாத விளக்கு

பேர்லின் அருங்காட்சியகம் ஒன்றின் அரையிருட்டு மண்டபத்தில், சுவரை அடைத்து நிற்கும் வரைபடத்துக்குப் பக்கத்தில் காவலாளி குணசேகரம் நிற்கிறார். பொத்தானை அழுத்தினால் உதுமானியப் பேரரசு வளர்ந்த வழியில் ஊர் ஊராகச் சிவப்பு விளக்கு எரியவேண்டும். எரிந்தால்தான் பெயரும் தெரியும். முதலில் சொயுத், எல்லாம் ஆரம்பித்த சின்ன ஊர். பிறகு புர்சா, நிக்கேயா, கடல் தாண்டிக் கலிப்போலி. சொயுத்தின் விளக்கு செத்து ஏழு கிழமையாகிறது. மூன்று தரம் எழுதிக் கொடுத்துவிட்டார். திருத்துவதற்கு டெக்னிக்கர் வருவார் என்கிறார்கள். இப்போது ஒரு பள்ளிக்கூட வகுப்பு வந்து நிற்கிறது. ஒரு சிறுமி பொத்தானை அழுத்துகிறாள். டிக் என்ற சத்தம் மட்டும் வருகிறது, பிறகு புர்சா பளிச்சென்று எரிகிறது. பிள்ளைகளின் கேள்வித்தாளில் “பேரரசு எங்கே தொடங்கியது?” என்ற கேள்விக்குக் கீழே இருபது பேனாக்கள் புர்சா என்று எழுதத் தொடங்குகின்றன. குணசேகரத்துக்குப் பொறுக்கவில்லை. “புர்சா இல்லை, சொயுத்” என்று ஜேர்மன் மொழியில் சொல்லி, இருண்டு கிடக்கும் இடத்தைக் காட்டுகிறார். ஆசிரியை அவரது சீருடையை மேலும் கீழும் பார்க்கிறார். “வரைபடம் அப்படிச் சொல்லவில்லையே” என்று இனிமையாகச் சிரிக்கிறார். பேனாக்கள் நிற்கவில்லை. மண்டபம் காலியானதும், கண்ணாடியில் பதிந்த விரல் அடையாளங்களைத் துடைக்க வரும் தேவமலர், “என்ன அண்ணை, பிள்ளையள் பிழையா எழுதிக்கொண்டு போகுதுகள், நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?” என்கிறாள். “சொன்னனான் பிள்ளை” என்கிறார் அவர், பொத்தானை வெறித்தபடி. “ஆள் சொன்னாக் காணாதாம், பல்ப் சொல்லவேணுமாம்.”