சத்தம் போடாத குஞ்சு

ஒரு தாய்க்கோழிக்கு இரண்டே குஞ்சுகள், ஒரு சேவலும் ஒரு பெட்டையும். சேவல்குஞ்சு கத்தினால், "என் ராசாவுக்கு என்ன குரல்" என்று தாய் பூரித்துப்போகும். பெட்டைக்குஞ்சு வாயைத் திறந்தாலோ, "பொட்டைப் பிள்ளைக்கு என்னடி சத்தம்" என்று தலையில் கொத்தும்.

ஒருநாள் தாய் வேலியோரம் இரை தேடப் போயிருந்த நேரம், பருந்து ஒன்று சேவல்குஞ்சின்மேல் பாய்ந்தது. கடவுள் புண்ணியத்தில் முதுகு கிழிந்ததோடு அது தப்பித்தது.

தாய் பதறி ஓடிவந்து பெட்டைக்குஞ்சைக் கேட்டது. "பக்கத்திலேதானே நின்னே, பருந்தைப் பாக்கலையா?"

"தூரத்துல வரும்போதே பாத்தேம்மா."

"பின்னே ஏன்டி கத்தலை?"

"கத்தினா கொத்துவியேம்மா."

சேவல்குஞ்சு வலியோடு தாயை நிமிர்ந்து பார்த்தது. தாய்க்கோழி தலையைக் குனிந்துகொண்டு, இரையே இல்லாத மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.