துரைத் திட்டில் ஒரு வாரம்

"காலையில எழுந்ததும் ஆத்துல குளியல். அப்புறம் இட்லி. அப்புறம் தென்ன மரத்துல ஊஞ்சல்" என்று விரல் மடக்கித் திட்டம் போட்டான் தணிகாசலம். பிள்ளைகள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன.

"ஒரே ஊஞ்சல்னா இவன் எறங்கவே மாட்டாம்ப்பா" என்று தம்பியைக் காட்டினாள் சின்னப்பாப்பா.

"ஒண்ணு என்னா, பத்து கட்டலாம். அதுக்குத்தான் இவ்ளோ கயிறு" என்றான். மூலையில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள் கிடந்தது.

அடுப்படியில் இருந்த அவன் மனைவி அஞ்சலாட்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பைப் பற்றவைக்கத்தான் வழியில்லை. உலையில் போட வீட்டில் ஒரு பிடி நொய் கூட இல்லை.

மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கி இருபது நாள். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷமாகியும் அந்த மில்லில் துரை மாறவில்லை, துரையின் புத்தியும் மாறவில்லை. முதலியார்பேட்டையில் சங்கம் வைத்த கஞ்சித்தொட்டி மூன்று நாளாகக் காய்ந்து கிடந்தது. "எம்புள்ளைங்க பசியில சுருண்டு கெடக்குதுங்க. இன்னும் ரெண்டு நாள் பாப்பேன். அப்புறம் நானே எங்க வூட்டுக்காரர வேலைக்குத் தொரத்துவேன்" என்று பக்கத்து வீட்டு வீராயியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் சங்கத் தலைவன் தணிகாசலத்துக்குத் துரையிடமிருந்து கடிதம் வந்தது. ஆற்று முகத்துவாரத்தில், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தென்னந்தோப்புத் திட்டில் துரைக்கு ஒரு பங்களா உண்டு. 'தணிகாசலமும் மனைவியும் பிள்ளைகள் அனைவரும் ஒரு வாரம் தங்கி இளைப்பாறலாம். மூன்று வேளைச் சாப்பாடும் நம் செலவு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தார்.

தலைவன் தீவில் காற்று வாங்கினால் கரையில் வேலைநிறுத்தம் தானாகப் படுத்துவிடும். அதற்குத்தான் இந்த விருந்து என்பது பள்ளிக்கூடம் போகாத அஞ்சலாட்சிக்கே புரிந்தது. இந்த மனுஷனோ வெட்கமில்லாமல் சரி என்று சொல்லியனுப்பிவிட்டான்.

"ஏன்யா, ஊரே பட்டினி கெடக்குது. நீ மட்டும் பொண்டாட்டி புள்ளையோட போயி தின்னுட்டு வரப்போறியா? தொண்டையில எறங்குமா உனக்கு?"

"இந்தா புள்ள, நான் சொல்றத மொதல்ல..."

"நீ ஒண்ணும் சொல்ல வாணாம். கூட்டத்துல அந்தக் கத்து கத்துன வாய்தானே இது!" குடத்தை இடுப்பில் இடித்து வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவன் வீட்டில் இல்லை. தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். விருந்துக்குப் போகிறவன் சொல்லிக்கொண்டு போகிறானாக்கும்! அவளுக்கு மானமே போயிற்று. அவன் வந்து கூப்பிட்டபோதும் அவள் முகம் கொடுக்கவில்லை.

விடிந்ததும் அவளாகவே வாயைத் திறந்தாள். "கரை வரைக்கும் வரேன். ஆனா படகுல கால் வைக்க மாட்டேன். உங்க சோறு எங்களுக்கு வாணாம்னு தொரை ஆளு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, புள்ளைங்கள இழுத்துக்கினு திரும்பிடுவேன். நீ வேணா போ."

"அங்க வந்து நீயே சொல்லு" என்றான் தணிகாசலம், கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டே.

தெருவில் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். எப்போதும் புழுதி கிளப்பும் வாண்டுகளில் ஒன்றைக்கூடக் காணோம். நம் முகத்தில் விழிக்கக் கூடாது என்று உள்ளே போட்டு அடைத்துவிட்டார்கள் என்று அஞ்சலாட்சி குறுகிப்போனாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் இன்னும் காரமாக அரைத்துக்கொண்டே நடந்தாள்.

ஆற்றங்கரையில் தேங்காய் ஏற்றும் பெரிய படகு நின்றது. பங்களாக் காவல்காரன் சாமிக்கண்ணு தணிகாசலம் நீட்டிய துரையின் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி நின்றான்.

அவனைச் சுற்றிப் பிள்ளைகள். வீராயியின் மூன்று, கோவிந்தசாமியின் ஐந்து, இன்னும் யார் யாருடையதோ. முப்பதுக்குக் குறையாது. தண்ணீர் தொட்டு வாரிய தலை, ஆளுக்கொரு தகரத் தட்டு.

"இன்னாய்யா இது?" என்றான் சாமிக்கண்ணு. "தணிகாசலத்தோட புள்ளைங்க எல்லாரும்னுதானே எழுதியிருக்குது? இதுங்கள்லாம் யாரு?"

தணிகாசலம் அவனைத் தாண்டி வந்து கயிற்றை மனைவியின் கையில் கொடுத்தான்.

"நான் வரல புள்ள. மில் வாசல்லதான் இருப்பேன். இதுங்க வயிறு ரொம்பினா, பெத்தவங்க இன்னும் ஒரு வாரம் தாக்குப் பிடிப்பாங்க. நேத்தே சொல்ல வந்தேன், நீ எங்க வுட்ட?" பிறகு சாமிக்கண்ணுவைக் காட்டினான். "தொரை ஆளுகிட்ட என்னமோ சொல்லணும்னியே, சொல்லு."

அஞ்சலாட்சி ஒரு நிமிஷம் அந்தத் தட்டுகளையே பார்த்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ள நேரமில்லை. வீராயியின் கடைக்குட்டியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிப் படகில் ஏறினாள்.

"எல்லாம் நான் பெத்த புள்ளைங்கதான்யா, படகத் தள்ளு!"